கல்யாணத்தன்று பள்ளிக்கூடம் உண்டு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டுவிட்டது, உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதைக் கீழே எழுதியிருக்கிறேன், உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

வருகிற சனிக்கிழமை கல்யாணம் என்று நாம் பேசி முடித்தபோது, என் மனைவி தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளியிலேயே என் மகளும் கணக்கு டீச்சராக இருப்பதை ஒரு வசதி என்றுதான் நினைத்தேன். அதற்கப்புறம் பெய்த மழையில் மைதானம் குளமாகி, வகுப்புக்குள் பெஞ்சுகள் மிதந்து, இரண்டு வாரம் பள்ளியை மூடிவிட்டார்கள். திறந்த அன்றே பெற்றோர் கூட்டம். விட்டுப்போன நாட்களை ஈடுகட்ட இனி எல்லாச் சனிக்கிழமையும் பள்ளி உண்டு, ஆசிரியர் யாருக்கும் லீவு கிடையாது என்று என் மனைவி அறிவித்தாள். நானும் ஒரு பெற்றோர்தானே என்று எழுந்து, "அம்மா, வர்ற சனிக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம்ங்க" என்றேன். "எந்த வகுப்பு?" என்று கேட்டாள். கூட்டமே சிரித்தது, அவள் சிரிக்கவில்லை.

ரயில்வேயில் கார்டாக இருந்த காலமெல்லாம் நான் சிவப்புக் கொடி காட்டினால் ரயில் நின்றது. வீட்டில் அது செல்லாது. மகள் பெயரில் நானே ஒரு லீவு விண்ணப்பம் எழுதிக்கொண்டு பள்ளிக்குப் போய், சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்கக் காத்திருந்தேன். 'காரணம் போதாது' என்று திரும்பி வந்தது, எழுத்துப் பிழைகள் திருத்தப்பட்டு. சாப்பிடும்போது, "அவ நாம பெத்த பொண்ணுடி" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"அவளுக்கு ஒரு நியாயம், மத்த டீச்சருங்களுக்கு ஒரு நியாயமா? மத்தியானச் சாப்பாட்டு நேரம் இருக்குல்ல? பள்ளிக்கூட ஹால்லயே முடிச்சுக்கலாம். மணி அடிச்சா அவ வகுப்புக்குப் போயிடணும்" என்றாள்.

மகளோ, யாருக்கோ கல்யாணம் என்பதுபோல விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சேர்த்துக் கோபப்படும் வேலை என் தலையில் விழுந்தது.

ஆகவே கல்யாணத்தை மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்கச் சம்மதிக்க வேண்டும். மண்டபக்காரர் முறைத்தார். சமையல்காரர், "உங்க வீட்டம்மாவுக்குப் பயந்துகிட்டுக் காய்கறி ஒரு நாள் வாடாம இருக்குமா சார்?" என்று கேட்டார். இருவர் காலிலும் விழாத குறையாகச் சரிக்கட்டியிருக்கிறேன். தாங்கள் கோபித்துக்கொண்டு சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை. பெரிய மனது பண்ண வேண்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும். மாப்பிள்ளைக்கு ஆசியோடு கொஞ்சம் அனுதாபமும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் மகள் வந்து இதைப் படித்தாள். "தேதியெல்லாம் மாத்த வேணாம்ப்பா. மழை லீவுலயே நானும் அவரும் பதிவு ஆபீசுக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டோம். அந்த ஆபீசுக்கு மழை லீவு விடலை" என்றாள். தங்களுக்கும் மாப்பிள்ளை இன்னும் சொல்லவில்லையாம். நான் நாற்காலியைத் தேடினேன். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வெளியே வந்தாள். "அந்த மழையிலயா போனே? வந்து தலையைத் துவட்டினியா?" என்று கேட்டாள். துவட்டினேன் என்றாள் மகள்.

"சரி. சனிக்கிழமை முதல் பீரியட் உனக்கு."