ரேடாரே வாங்கி வாருங்கள், மாமா

திருவள்ளூர்,
வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த லக்ஷ்மண் மாமாவுக்கும் மாமிக்கும் கோதா நமஸ்காரம் செய்து எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது. அப்பா நலம், அம்மா நலம், மிக்ஸிகூட நலம். என் ஏர் ரைபிள் மட்டும் நலமில்லை. மைசூரில் நீங்களும் மாமியும் மாமியின் முழங்காலும் சௌக்கியமாக இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு வரும்போது என்ன வாங்கி வரட்டும், வெட்கப்படாமல் எழுது என்று போனில் கேட்டீர்கள். வெட்கப்பட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன். குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதியிருக்கலாம். ஆனால் அதில் ‘குண்டு’ என்று ஒரு சொல் விழுந்தால் போதும், தாம்பரம் அத்தை முதலில் போன் செய்வார், பிறகு ஊரே செய்யும். அதனால் தபால். எனக்கு வேண்டியது குரோனோகிராஃப் என்ற கருவி. துப்பாக்கியிலிருந்து கிளம்பும் குண்டு என்ன வேகத்தில் போகிறது என்று சொல்லும். எங்கள் கிளப்பில் அதற்குப் பெயர் ஸ்பீடு மிஷின்.

எதற்கு என்று கேட்பீர்கள். ஆவணியில் மாவட்டப் போட்டிக்குத் தேதி அறிவித்தார்கள். அதில் தேறினால் மாநிலப் போட்டி. அறிவித்த அடுத்த வாரத்திலிருந்து என் குண்டுகள் எல்லாம் நடுவை விட்டுக் கீழே இறங்க ஆரம்பித்தன. பக்கவாட்டில் ஒரு நூல் பிசகவில்லை, கீழே மட்டும், வாரத்துக்கு வாரம் இன்னும் கொஞ்சம் கீழே. கும்மிடிப்பூண்டியில் ஒரு பழைய குடோனில்தான் எங்கள் கிளப் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பயிற்சி தருகிற எட்வர்ட் சார், பகலில் உருக்காலையில் சூப்பர்வைசர். நான் சுட்ட அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கோதாம்மா, உன் ரைபிளு டயர்டா ஆயிடிச்சி. உள்ள ஸ்பிரிங்கு படுத்துகினு கீது. குண்டுக்கு ஸ்பீடு இல்ல, அதான் கீழ உழுது” என்றார். என்னோடு சுடுகிற சுகிர்தா உடனே, “ஸ்பிரிங்கு நல்லாதான் கீது சார். டேட்டு சொன்னதுலேர்ந்து இவதான் படுத்துகினா. பயம்” என்றாள். “உனுக்கு இன்னாடி தெரியும்?” “நா பக்கத்துல நின்னுகினு பாக்கறேன் சார். சுடறதுக்கு முன்னாடி இவ மூஞ்சியப் பாருங்க, ஊசி போட்டுக்கப் போற மாதிரி கீது.” மாமா, நான் ஸ்பிரிங் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். என் சொந்தத் துப்பாக்கியின் ஸ்பிரிங் பற்றி இரண்டு பேர் எதிரில் சண்டை போட, நான் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். குற்றம் ரைபிளுடையது என்றால் சரிசெய்துவிடலாம். என்னுடையது என்றால் என்னை எந்த ஊருக்குப் பார்சல் அனுப்புவது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் கருவி.

கையைக் கடிக்காத விலையில் எது நல்லது என்று ஒரு வாரம் படித்தேன். நாவலுக்குக்கூட அப்படிக் கண் விழித்ததில்லை. மூன்று ஜாதி இருக்கிறது. முதலாவது ரேடார். துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் போதும், வெளிச்சம் வேண்டாம், குறுக்கே வராது, தானே பார்த்துக்கொள்ளும். விலையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மரியாதையாக மூடினேன். இரண்டாவது, குழல் நுனியில் மாட்டும் சின்னக் குழாய். விளக்கும் உள்ளேயே இருக்கிறது, விலையும் குறைவு. ஆனால் என் ரைபிளின் தடித்த மூக்கு அதற்குள் நுழையாது. மூன்றாவது, ஒரு முழ நீளப் பெட்டி. முன்னால் ஒரு கண், பின்னால் ஒரு கண், இரண்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். குண்டு மேலே பறக்கும்போது அதன் நிழல் முதல் கண்ணிலிருந்து இரண்டாவது கண்ணுக்குப் போகும் நேரத்தை வைத்து வேகம் சொல்லும். மீஞ்சூரில் பார்த்திபன் என்பவர் பழையது ஒன்று விற்கிறார் என்று தெரிந்து அதை வாங்கினேன். “என் மிஷினு பொய் சொல்லாதுக்கா, என் மேல சத்தியம்” என்று தலையில் கைவைத்துக் கொடுத்தார்.

போன சனிக்கிழமை ரைபிள் ஒரு தோளிலும் பெட்டி ஒரு கையிலுமாக பஸ் ஏறினேன். அந்த வழியில் நான் வீணை வாசிக்கிறவள் மாமா. கண்டக்டர் முதல் நாள் உறையைப் பார்த்து “வீணையாம்மா?” என்றார், பேச்சு வளர வேண்டாமென்று “ஆமாம்” என்றேன். இப்போது பெரியபாளையத்தில் ஏறுகிற ஒரு அம்மாள் தன் மருமகள் வளைகாப்புக்கு வந்து வாசிக்க வேண்டும் என்கிறார். எப்படியோ குடோன் போய்ச் சேர்ந்து, டியூப்லைட் போட்டு, மிஷினை வைத்தேன். ரைபிள் இன்னும் உறையில் இருக்கிறது, மிஷின் வேகம் காட்டுகிறது. ஒன்று, இன்னொன்று, அதைவிடப் பெரிதாக மற்றொன்று. “இன்னாம்மா இது, சுடாமயே ஸ்பீடு காட்டுது?” என்றார் எட்வர்ட் சார். “நீங்க பேசறத அளக்குதோ இன்னாவோ” என்றாள் சுகிர்தா. விஷயம் வேறு. நம் கண்ணுக்குத் தெரியாமல் டியூப்லைட் துடித்துக்கொண்டே இருக்கிறது, அந்தத் துடிப்பை அது குண்டு என்று எண்ணிக்கொள்கிறது. வெட்ட வெளியில்தான் வைக்க வேண்டும். அன்றைக்கு வெளியே மழை. ஆயுத பூஜைக்கு மறுநாள் பார்க்கலாம் என்று வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

வீட்டில் யாருக்கும் தெரியாமல் அலமாரியில் வைக்கத்தான் நினைத்தேன். அப்பா மடைப்பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், கையில் புளியோதரைத் தூக்கு. பார்த்துவிட்டார். “ஏண்டி கோதா, இது குண்டை மட்டும்தான் அளக்குமா? புறப்பாட்டுல பெருமாளைத் தூக்கிண்டு ஓடறாளே, அதை அளக்குமா? நிதானமா வாங்கோன்னா ஒத்தரும் கேக்க மாட்டேங்கறா. கையில ஆதாரம் இருந்தா நன்னா இருக்கும்” என்றார். அளக்காது என்பதற்குள் எதிர் வீட்டுக்காரரிடம் அளக்கும் என்று சொல்லிவிட்டார். பூஜையன்று மிஷின் கூடத்துக்கு வந்தாகிவிட்டது. அம்மாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் அக்கா. இன்றுவரை என் ரைபிளை அவள் துப்பாக்கி என்று சொன்னதில்லை. ‘அந்தக் குழாய்’. பெண் பார்க்க வருகிறவர்களிடம் அந்தக் குழாயை என்னவென்று சொல்வது என்பது அவளுடைய நிரந்தரக் கேள்வி. ஆனால் அன்று சந்தனக் கிண்ணத்தோடு வந்து, “அருவாமணைக்கு வெச்சாச்சு, மிக்ஸிக்கு வெச்சாச்சு, ஸ்கூட்டிக்கு வெச்சாச்சு, இது மட்டும் என்ன பாவம் பண்ணித்து?” என்று மிஷின் நடுவில் பெரிய பொட்டாக இட்டுப் பூவும் வைத்தாள். நான் அழகாக இருக்கிறது என்றேன்.

நேற்று விஜயதசமி, நல்ல வெயில், குடோன் வாசலில் வைத்துச் சுட்டேன். இருக்க வேண்டிய வேகத்தில் பாதிகூட இல்லை மாமா. திரும்பச் சுட்டேன், அதைவிடக் குறைவு. “இந்த ஸ்பீடுக்குக் கையால தூக்கிப் போட்லாமேம்மா” என்று எட்வர்ட் சார் வருத்தத்தோடுதான் சொன்னார், ஆனால் அந்த வருத்தத்தில் ஒரு வெற்றி இருந்தது. பார்த்திபனுக்குப் போன் செய்து நான் என் இயல்பை மீறிப் பேசினேன். நாளைக்கு ரைபிளைக் கட்டிக் கோயம்புத்தூருக்குச் சர்வீஸுக்கு அனுப்பப்போகிறோம். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் மாவட்டப் போட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லப்போகிறேன். பழைய மிஷினை நம்பி இனி இந்த அவஸ்தை வேண்டாம். அதனால்தான் மாமா, கூச்சத்தை விட்டுக் கேட்கிறேன். உங்களால் முடிந்தால் ரேடாரே வாங்கி வாருங்கள். முடியாவிட்டால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், மைசூர்பாகு போதும்.

மாமியிடம் முழங்காலுக்கு எண்ணெய் தடவாமல் படி ஏற வேண்டாம் என்று சொல்லவும். உங்கள் இருவர் ஆசியும் எனக்கு எப்போதும் வேண்டும், இப்போது கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமாள்
கோதா

பின்குறிப்பு: இன்று ஞாயிறு மாலை. கடிதம் இன்னும் தபாலில் சேரவில்லை. சேராததே நல்லது, ஆனாலும் முழுதாக எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. மேலே சொன்னதில் மாமியின் முழங்காலைத் தவிர எதையும் நம்ப வேண்டாம்.

நேற்று கிளப்பில் ரைபிளைக் கட்டும் முன் மிஷினைத் துடைத்து உறையில் போட எடுத்தேன். துணி மஞ்சளாக வந்தது. அம்மா நடுவில் ஒரு பொட்டோடு நிறுத்தவில்லை. இரண்டு கண் குழிகளுக்குள்ளும் விரல் விட்டு ஆளுக்கொன்று இட்டிருக்கிறாள். ஒரு கண் அரைகுறையாகப் பார்த்திருக்கிறது, மற்றது தூங்கித் தூங்கி நேரம் கழித்துப் பார்த்திருக்கிறது. துடைத்து, வெயிலில் வைத்து, சுட்டேன். சரியான வேகம். மறுபடி, அதே வேகம். ஸ்பிரிங் சிங்கம் மாதிரி இருக்கிறது. எட்வர்ட் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பார்த்திபனிடம் மன்னிப்புக் கேட்டேன். “சாமி கும்புடும்போது நம்ப கண்ண மூடுவோம், மிஷினு கண்ணயுமாக்கா மூடுவாங்க?” என்று சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கல் வந்துவிட்டது. சுகிர்தா மட்டும் என்னைப் பார்த்து, “அப்போ, நீதான்” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை மாமா. ரைபிள் மேல் தப்பில்லை என்றால் நான்தானே.

வீட்டுக்கு வந்து ரைபிளை வைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மா காப்பியோடு வந்தாள். “வேற எதுக்கெல்லாம் பொட்டு வெச்சேம்மா?” என்று சும்மாதான் கேட்டேன். அவள் ரைபிளைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். “அதுக்கும்தான். போட்டின்னு நீ சொன்னதுலேர்ந்து வெள்ளிக்கிழமை தவறாம வெக்கறேன். எதால பாக்கறதோ அதுதானே கண்ணு? கண்ணுக்கு மேல நெத்தி. நெத்தியில வெச்சேன். நீ பாத்தா சண்டை போடுவேன்னு உடனே தொடச்சும் வெச்சுடுவேன். நன்னாத்தான் தொடைப்பேன்.”

நான் குறி பார்க்கும் சின்னத் துளைக்குச் சரியாக மேலே, மாமா. துடைத்த பிறகும் மிச்சமிருந்தது வாராவாரம் வழிந்து, காய்ந்து, துளையின் மேல்பாதியை அடைத்திருக்கிறது. நான் என்னையறியாமல் கீழ்ப்பாதி வழியாகப் பார்த்துக் கீழேயே சுட்டிருக்கிறேன். குழலை வாராவாரம் துடைக்கிறவள், தரம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள், துளையைப் பார்க்கவில்லை. ஊக்கு நுனியால் சுரண்டி எடுத்தேன். அம்மா பக்கத்திலேயே நின்று, “வலிக்காம எடு” என்றாள்.

இன்று போட்டிக்கு அவளும் கூட வந்தாள். குண்டுகள் நடுவிலேயே விழுந்தன. மாநிலப் போட்டிக்குப் பெயர் வந்துவிட்டது. ஆரம்பிக்கும் முன் அம்மா கைப்பையிலிருந்து சந்தனச் சம்புடத்தை எடுத்ததும் எட்வர்ட் சார் ஓடி வந்து, “அம்மா அம்மா, அங்க இல்ல, இங்க வைங்க, மரத்துல, எவ்ளோ வேணாலும் வைங்க” என்று தோளில் சாய்க்கும் கட்டையைக் காட்டினார். அவள் தாராளமாக வைத்தாள். அவர் தன் பங்குக்கு அதன் மேல் சிலுவை போட்டார். சுகிர்தா, “எனுக்கும் வைங்கம்மா” என்று தன் ரைபிளை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது.

அதனால் மாமா, ரேடார் வேண்டாம். சந்தனக் கட்டை ஒன்று வாங்கி வாருங்கள். வீட்டில் இருந்தது தேய்ந்து போயிற்று.