ஆறு கடையும் ஓர் அரக்குத் துணியும்

"இந்த வீட்டுக்கு ஒரு புது டிவி வரும். ஐம்பத்தஞ்சு இஞ்ச். ஆனா ஏமாந்து வாங்கினதா மட்டும் வராது!"

தராசு கூடத்தின் நடுவில் நின்று இப்படிப் பிரகடனம் செய்தபோது, கேட்பதற்கு அங்கே அவர் மனைவி ஒருத்திதான் இருந்தாள். அவள் வாயில் நான்கு குண்டூசிகள் இருந்தன. அதனால் உடனே பதில் வரவில்லை.

தராசு என்பது அவர் பெற்றோர் வைத்த பெயரல்ல. எடை அளவுத் துறையில் ஆய்வாளர். இருபத்தெட்டு வருஷமாகக் கடை கடையாக ஏறி, எடைக்கல்லைத் தூக்கிப் பார்த்து, ஐந்து கிராம் குறைந்தால் ஐந்து பக்கத்துக்கு அறிக்கை எழுதுகிறவர். தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது. உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை என்பது அவர் கட்சி: ஏமாற்றுகிறவர்கள், இன்னும் மாட்டாதவர்கள்.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். தையல் மெஷின் இருந்தது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள நடையில். பட்டப்பகலிலும் அங்கே ட்யூப் லைட் எரியவேண்டும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டினால், தைத்தது எது, தைக்காதது எது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கவேண்டும். கூடத்தில் ஜன்னலோரச் சுவர் ஒன்று இருக்கிறது. காலையிலிருந்து மாலைவரை வெளிச்சம் கொட்டும். மெஷினை அங்கே போட்டுக்கொள்கிறேன் என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பழைய டிவி ஒன்று மூலையில் இருக்க, அந்தச் சுவரைத்தான் தராசு இப்போது ஐம்பத்தைந்து இஞ்சுக்கு எழுதி வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் வேறொரு பெண்ணாக இருந்தால் "வேண்டாம்" என்று சொல்லியிருப்பாள். அந்தச் சொல்லை இவள் கல்யாணமான இரண்டாம் வருஷத்திலேயே விட்டுவிட்டாள். உடற்பயிற்சி சைக்கிள் வேண்டாம் என்று அன்று சொன்னாள். மறுநாள் காலையில் அது வந்து இறங்கிவிட்டது. இன்றுவரை அதில் துண்டுகள்தான் காய்கின்றன.

குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தாள்.

"தாராளமா வாங்குங்க. ஆனா ஏமாந்துடாதீங்க."

"நானா? நான் ஏமாறுவேனா?"

"உங்களை இல்லைங்க. காலம் அப்படி."

முதல் கடைக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிஷத்தில் தராசுக்கு ரத்தம் கொதிக்க ஆரம்பித்தது. சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே செய்தி, ஒரே வாசிப்பாளர். ஒன்றில் அவருக்கு மஞ்சள் காமாலை. அடுத்ததில் வெயிலில் வெந்து சிவந்திருந்தார். மூன்றாவதில் பிழைப்பாரா என்றே சந்தேகமாக இருந்தது.

"இதுல எதுப்பா அந்த மனுஷன்?" என்றார் விற்பனையாளரிடம்.

"எல்லாமே அவர்தான் சார்."

"அதெப்படி? ஒரு ஆளுக்கு ஒரு முகம்தானே இருக்கணும்?"

"இது கடை மோட் சார். கடை லைட்டுல எடுப்பாத் தெரியணும்ல? அதான் பிரைட்னஸ், கலர் எல்லாத்தையும் உச்சத்துல வெச்சிருக்கோம். வீட்டுக்குப் போனதும் குறைச்சுக்கலாம்."

"அப்ப குறைச்சுக் காட்டு."

"குறைச்சுக் காட்டினா யாரும் வாங்க மாட்டாங்க சார்."

தராசு சுற்றிலும் பார்த்தார். சாட்சிக்கு ஆள் வேண்டும். "கேட்டீங்களா? உண்மையைக் காட்டினா விக்காதாம்! அவனே சொல்றான்! வாயாலயே சொல்றான்!"

மனைவி டிவி ஒன்றின் முன் நின்று, "இந்தப் புல்லு நல்லாருக்குங்க" என்றாள்.

"புல்லா அது? பச்சைப் பொய்!" என்று அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அன்று இரவுச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. "கடைக்காரன் கல்லை வெச்சுக் கடைக்காரன் தராசைச் சோதிக்க முடியுமா? நம்ம கல்லைக் கொண்டுபோகணும். டிவிக்கு எடைக்கல் எது?" என்று கேட்டுக்கொண்டே ரசத்தைப் பிசைந்தார்.

"எனக்கு டிவியைப் பத்தி என்னங்க தெரியும்? துணின்னா தெரியும்" என்றாள் மனைவி. தைத்து மிச்சமான அரக்கு நிறத் துணித்துண்டு ஒன்றை எடுத்து வைத்தாள். "இந்தக் கலர் லேசுல பிடிபடாது. சிவப்பும் இல்ல, பழுப்பும் இல்ல. இதை டிவிக்காரன் காட்டிட்டான்னா எதை வேணாலும் காட்டிடுவான்."

தராசு துள்ளி எழுந்தார். மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் அந்தத் துணியைப் போட்டோ எடுத்தார். பென் டிரைவில் ஏற்றினார். திட்டம் தெளிவு. கடை டிவியில் போட்டோ, பக்கத்தில் அசல் துணி. இரண்டும் ஒன்றானால் நல்ல டிவி. இல்லாவிட்டால் மோசடி.

"துணியைக் கொடுங்க, நான் என் பையில வெச்சுக்கறேன். நீங்க தொலைச்சுடுவீங்க" என்றாள். கொடுத்துவிட்டார். ஆபீஸில் முத்திரைக் கற்களை வெல்வெட் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை ஒட்டியாணம் மாதிரி இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்கிற மனிதர், துணியை மட்டும் யோசிக்காமல் நீட்டிவிட்டார். எந்தத் துணிக்கும் சீட்டு எழுதிக் குத்தி வைக்கிற ஒழுங்கு அவளுக்கு உண்டு. கைமாறாது, தொலையாது என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாவது கடையில் நிறம் சேரவில்லை. போட்டோவை விடத் துணி ஒரு இழை கறுத்திருந்தது.

மூன்றாவது கடையிலும் சேரவில்லை. "கடை லைட்டுதான் சார் காரணம்" என்றார் விற்பனையாளர்.

"நாங்க துணி எடுத்தா வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்துல வெச்சுத்தான் பார்ப்போம்" என்றாள் மனைவி, யாருக்கோ சொல்வதுபோல.

"அதானே!" என்றார் தராசு. "தம்பி, இந்த டிவியை வாசலுக்குத் தூக்குங்க!"

"சார், இது டிவி சார்."

"ஏன், வெளிச்சத்துக்கு வந்தா சாயம் போயிடுமா?"

ஓனர் ஓடிவந்தார். தராசு நீட்டிய அடையாள அட்டையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு கையைக் காட்டினார். இரண்டு பேர் டிவியைத் தூக்க, மூன்றாவது ஆள் ஒயரை நீட்டிக்கொண்டே பின்னால் வர, டிவி வாசல் படியில் வந்து நின்றது. உச்சி வெயில். தராசு குனிந்து பார்த்தார். திரையில் அவர் முகம்தான் தெரிந்தது. பின்னால் ஒரு பஸ் போனது. பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி, அதில் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டு போனார்.

"படம் எப்படி சார்?" என்றார் ஓனர்.

"படமே தெரியலை. அறிக்கையில எழுதறேன்!" என்று இறங்கி நடந்தார்.

நான்காவது கடையில், "சார், நீங்க டிவி வாங்க வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா?" என்றே கேட்டுவிட்டார்கள். ஐந்தாவது கடையில் அவரைப் பார்த்ததும் ரிமோட்டுகளை எல்லாம் மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார்கள். கடைக்காரர்களுக்குள் போன் போயிருக்கிறது என்று தெரிந்ததும் தராசுக்கு வந்த கோபத்தில், நடைபாதையில் நின்றே ஒரு பக்கம் எழுதிவிட்டார்.

ஆறாவது கடையில்தான் ஆபத்து வந்தது. தராசுக்கு அல்ல, ஜன்னலோரச் சுவருக்கு.

அங்கே இருந்த விற்பனைப் பெண் வேலை தெரிந்தவள். அவர் வாயைத் திறப்பதற்குள், "கடை மோட்ல பார்த்து முடிவு பண்ணாதீங்க சார்" என்றாள். பின்னறைக்குக் கூட்டிப்போனாள். விளக்கைக் குறைத்தாள். கலரை இறக்கினாள், ஷார்ப்னெஸை அடியோடு குறைத்தாள், நீலம் பாரித்த வெள்ளையை வெதுவெதுப்பான வெள்ளைக்கு மாற்றினாள். வாசிப்பாளருக்கு மனுஷ முகம் வந்தது. புல் புல்லாக முளைத்தது. ஆறு கடையில் முதல் முறையாகத் தராசு ஒரு நியாயஸ்தியைப் பார்த்துவிட்டார்.

"இதான்மா டிவி! பில்லைப் போடு!" என்று பர்ஸை எடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் மனைவி. "வந்தது வந்தோம். துணியை ஒரு தடவை வெச்சுப் பார்த்துடுங்க. அப்புறம் மனசு உறுத்தக் கூடாது பாருங்க."

சீட்டைப் பைக்குள்ளேயே கழற்றிவிட்டுத் துணியை எடுத்துக் கொடுத்தாள். திரையில் போட்டோ வந்தது. தராசு துணியைத் திரையோரம் பிடித்தார். சேரவில்லை. இங்கேயும் அதே ஒரு இழை.

"நீயுமா?" என்றார் அந்தப் பெண்ணைப் பார்த்து. குரல் உடைந்திருந்தது.

அவள் துணியைக் கையில் வாங்கினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி துணியைப் பார்த்தாள். "மேடம், இந்தத் துணி வந்து..."

"நல்ல துணி இல்ல?" என்றாள் மனைவி சட்டென்று. "உனக்கு ரவிக்கை ஏதாவது தைக்கணும்னா வீட்டுக்கு வாம்மா. அளவு கச்சிதமா இருக்கும். கூலியே வேண்டாம்."

அந்தப் பெண் மனைவியை ஒரு நிமிஷம் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சார், எங்க டிவியில அந்தக் கலர் வராது சார்" என்றாள்.

வீட்டுக்கு வந்த தராசு சட்டையைக் கழற்றாமல் கத்தினார். "ஆறு கடை! ஆறிலும் மோசடி! இந்த ஊர்ல ஒரு டிவிக்கு ஒரு முழம் துணியைக் காட்ட யோக்கியதை இல்ல!"

"நம்ம பழைய டிவியில ஒரு தடவை போட்டுப் பாருங்களேன். சும்மாத்தான்" என்று மனைவி துணியை நீட்டினாள்.

போட்டார். துணியைப் பிடித்தார். இம்மி பிசகாமல் சேர்ந்தது.

தராசு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒன்பது வருஷத்துக்கு முந்தி இதை எடுத்தது யாரு?"

"நீங்கதான். உங்க கண்ணு கண்ணுதான்."

அதற்குப் பிறகு புது டிவிப் பேச்சே இல்லை. பழைய டிவி தன் மூலையிலேயே இருந்தது. ஆபீஸில் சொன்னார். தெருவில் சொன்னார். புது டிவிக்கு முன்பணம் கட்டியிருந்த எதிர்வீட்டு வாத்தியாரை, அதைத் திரும்ப வாங்க வைத்தார். ஆறு கடைகள் மேலும் தலைக்கு ஐந்து பக்கமாக முப்பது பக்க அறிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு, மேலிடத்துக்கு அனுப்பினார். சும்மா கிடந்த ஜன்னலோரச் சுவருக்குத் தையல் மெஷினை அவரே தள்ளிக்கொண்டு போய்ப் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. சட்டையில் ஒரு பட்டன் தெறித்துவிட்டது. "நடையில என் பை தொங்குது பாருங்க. பட்டன் டப்பா அதுலதான்" என்றாள் மனைவி, ஜன்னலோரம் மெஷினை மிதித்துக்கொண்டே.

தராசு பையில் கைவிட்டார். டப்பா வந்தது. கூடவே அரக்குத் துணித்துண்டும் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. இரண்டிலும் குண்டூசியில் குத்திய சீட்டு. ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் படித்தார். மனைவியின் குண்டு குண்டான கையெழுத்து.

ஒன்றில் "கடைக்கு" என்று எழுதியிருந்தது.

இன்னொன்றில் "வீட்டுக்கு".

இருபத்தெட்டு வருஷமாக ஊரார் கல்லையெல்லாம் சோதித்தவருக்கு, தன் கல்லைச் சோதிக்கத் தோன்றவே இல்லை. ஆத்திரம் பொங்கியது. கத்த வாயைத் திறந்தார். முப்பது பக்கமும், அதன் கீழே தன் கையெழுத்தும் நினைவுக்கு வந்தன. வாத்தியார் முகமும் வந்தது. வாயை மூடினார். கடைசி நம்பிக்கையாகத் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டும் ஒரே நிறம் போலத்தான் இருந்தன.

"ரெண்டும் ஒண்ணாத்தானே தெரியுது?" என்று வாய்விட்டே முனகிவிட்டார்.

மெஷின் நின்றது.

"அங்க இருட்டுங்க. மூணு வருஷமாச் சொல்றேன்ல? இப்படி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்க."