வாழ்த்து அட்டை எண்ணுகிறவர்

பெற்றவர்களின் வீட்டைக் காலி செய்கிற நாளில் மட்டும் வெளிப்படுகிற பிறவி ஒன்று உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். பீரோவை ஒரு கை பிடிக்கச் சொன்னால் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். பழைய வாழ்த்து அட்டைப் பெட்டி கண்ணில் பட்டதோ, இடுப்பு, முழங்கால், மூச்சிரைப்பு எல்லாம் கடவுள் கிருபையால் அந்த நிமிஷமே குணமாகி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். பிறகு எழுப்பிவிட முடியுமா? முடியாது.

நம் மூத்தவர் இந்த இனத்தில் முதல் தரம். தையல் தைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய அம்மாவும், கூடவே இருந்து அவரைப் பார்த்துக்கொள்ளும் தங்கையும் சின்ன வீட்டுக்கு மாறுகிறார்கள். ஐந்து மணிக்குச் சாவியை ஒப்படைக்க வேண்டும். தங்கை பாத்திர மூட்டையோடு மூன்றாம் தடவையாகப் படியிறங்குகிறாள். மூத்தவர் உறைகளின் மேலுள்ள கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, தான் அனுப்பியதை வலது பக்கமும் மற்ற சொந்தக்காரர்கள் அனுப்பியதை இடது பக்கமும் அடுக்குகிறார். அம்மா யாருடையதை அதிகம் பத்திரப்படுத்தியிருக்கிறார், யார்மேல் பிரியம் அதிகம் என்பது ஐம்பத்தெட்டு வயதுக்குள் தெரிந்தாக வேண்டாமா? அது தெரியாமல் ஒரு மனுஷன் எப்படி நிம்மதியாகத் தூங்குவது?

வலது பக்கம் நாற்பத்தொன்று. இடது பக்கம் ஆறு. தங்கையுடையது ஒன்றுகூட இல்லை.

மூத்தவருக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. அதை அப்படியே இரக்கமாக மாற்றிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, நீ அம்மாவுக்கு ஒரு கார்டுகூடப் போட்டதில்லையா?"

"எந்த விலாசத்துக்குண்ணே போடறது? அடுப்படியிலேர்ந்து கூடத்துக்கா?" என்றாள் தங்கை. "அந்த மெத்தையோட முனையைப் பிடி."

அவர் பிடிக்கவில்லை. ஒரு உறையைப் பிரித்து, குரலைக் கனமாக்கி, வாசிக்கத் தொடங்கினார்.

"அன்புள்ள அம்..."

அதற்குமேல் அட்டை இல்லை. அரைவட்டமாக வெட்டப்பட்டிருந்தது. அடுத்ததைப் பிரித்தார். அது சட்டைப் பையின் வடிவத்தில் இருந்தது. மூன்றாவதில் அவருடைய கையெழுத்துக்கு நடுவே பொத்தான் துளைக்கு அடையாளம்.

"என்னம்மா இது?"

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "துணி வெட்டற அளவு அட்டைப்பா. நீ எப்பவும் கெட்டியாப் பார்த்து வாங்குவே. மத்தவங்க அனுப்பினது துவண்டு மடங்கிடும். காலர் வெட்ட உன்னுதை அடிச்சுக்க முடியாது. கலைச்சிடாதே, சைஸ்படி வச்சிருக்கேன்."

தங்கை மெத்தைமேலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மூத்தவர் முகம் சுருங்கியது உண்மைதான். ஆனால் இந்த இனம் அவ்வளவு சுலபத்தில் தோற்குமா? ஒரு நிமிஷம். அவ்வளவே. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாத்தியா? தினமும் என் கார்டைக் கையிலெடுக்காம அம்மாவுக்கு வேலையே ஓடலை!"

மெத்தையைத் தங்கையே இழுத்துக்கொண்டு போனாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன தடவை பெற்றவர்கள் வீட்டுக்குப் போனபோது, மாத்திரை தேடுகிற சாக்கில் அலமாரியைத் திறந்து, அங்கே எடுத்து வைத்திருக்கும் போட்டோக்களில் உங்களுடையது எத்தனை, தம்பியுடையது எத்தனை என்று பார்த்தீர்களே, அது எதற்கு?