தொண்டையில் நின்ற சைவம்

முள் தொண்டையில் குத்தி நின்றதும் சிவகடாட்சத்துக்கு முதலில் நினைவு வந்தது கடவுள் அல்ல, மனைவி.

"சோத்தை உருட்டி விழுங்குங்கோ அண்ணை! கடிக்காமல் அப்பிடியே விழுங்குங்கோ!" என்று பதறினார் பக்கத்து வீட்டு யாகப்பு. இருவரும் யாகப்புவின் வலை வைக்கிற கொட்டிலுக்குள் இருந்தார்கள். சிவகடாட்சத்துக்கு முன்னால் ஒரு தட்டுச் சோறு, அதன் மேல் விளைமீன் குழம்பு.

சிவகடாட்சம் உருட்டினார், விழுங்கினார். சோறு போனது. முள் போகவில்லை. கொஞ்சம் கீழே இறங்கி, இன்னும் நல்ல இடமாகப் பார்த்துக் குத்திக்கொண்டது.

"போட்டுதோ அண்ணை?"

"இல்லை. இறங்கிட்டுது."

வேறு ஆருக்கும் இது சின்ன விசயம். கடல் சூழ்ந்த நாரந்தனையில் மீன் முள் குத்தாத தொண்டையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படித் தேடினால் அகப்படக்கூடிய ஒரே தொண்டை சிவகடாட்சத்துடையது. கோயில் சபைத் தலைவர். அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். திருவிழாவுக்குத் திருவிழா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, புலால் உண்ணாமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மேளகாரர் கடலை வாங்கித் தின்று முடித்துவிட்டு வரலாம்.

போதாததற்கு மனைவி இராசேஸ்வரி. அந்த மனுசி பிறந்து வளர்ந்தது மூன்று நேரமும் மீன் மணக்கிற வீட்டில். கலியாணத்தன்று சிவகடாட்சம், "எங்கட வீட்டிலை மச்சம் இல்லை, இராசு," என்று சொன்னார். அவ்வளவுதான். மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றையும் அன்றோடு விட்டுவிட்டு, ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் பூசணிக்காயும் கத்தரிக்காயும் சமைத்துப் போட்ட பெண் அவர். அவருக்கு இது தெரிந்தால் எந்த முகத்தோடு அந்த வீட்டுக் கதிரையில் போய் இருப்பது? முள் குத்தியதைவிட இதுதான் சிவகடாட்சத்துக்கு நன்றாகக் குத்தியது.

எல்லாம் இந்தக் கொரோனாவால் வந்தது. ஊரடங்கு போட்டார்கள். மரக்கறி லொறி வரவில்லை. வீட்டில் ஒரு நாள் பருப்பும் முருங்கையிலையும் பப்பாசிக்காயும், மறுநாள் பப்பாசிக்காயும் முருங்கையிலையும் பருப்பும். மீன் மட்டும் யாழ்ப்பாணச் சந்தைக்குப் போக வழியில்லாமல் தீவிலேயே குவிந்தது. ஒரு மத்தியானம் பழப்புளியும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வாசம் ஒன்று வேலி கடந்து வந்தது. வேலியில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டு இருந்தது. சிவகடாட்சம் எலுமிச்சம்பழம் கேட்கிற சாட்டில் அதற்குள்ளால் புகுந்து, "யாகப்பு, ஒரு தேசிக்காய் இருக்கோ?" என்று கேட்டார். கேட்கும்போது கண் சட்டியில் இருந்தது. யாகப்பு விளங்காத ஆள் இல்லை.

அதன்பிறகு தினமும் தேசிக்காய்க்கு அவசரம் வந்தது. காலையில் இராசேஸ்வரி, யாகப்புவின் மனைவி அந்தோனியம்மாவோடு சேர்ந்து ஊர்ச்சனத்துக்கு முகக்கவசம் தைக்கப் போவார். மத்தியானம் திரும்பி வந்து, பப்பாசிக்காயோடு ஒரு பிடி சோறு சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். அவர் கண்ணை மூடியதும் சிவகடாட்சம் பொட்டுக்குள்ளால் போய்விடுவார். யாகப்பு தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பார். "நீரும் சாப்பிடுமன்" என்றால், "நான் பிறகு, அண்ணை" என்பார்.

"உம்மட மனுசியின்ர கைக்குப் பொன் காப்புப் போட வேணும், யாகப்பு. எங்கட வீட்டிலையும் சமைக்கினம். உப்பிருந்தால் புளியிருக்காது."

யாகப்பு தலையைச் சொறிவார்.

இன்றைக்கு அந்தக் கைதான் முள் வைத்துவிட்டது. சிவகடாட்சம் வாயைக் கொப்பளித்து, மீசையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். இராசேஸ்வரி விழித்திருந்தார்.

"என்னப்பா, இந்த வெய்யிலுக்குள்ளை எங்கை போட்டு வாறியள்?"

"தேசிக்காய்..."

"எங்கை தேசிக்காய்?"

பதற்றத்தில் அதை வாங்க மறந்துவிட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. அந்த நாட்களில் ஒருவர் இருமினால் வீட்டு நாய்கூட எழுந்து தள்ளிப் போய்ப் படுக்கும். இராசேஸ்வரி இரண்டடி பின்னால் போனார்.

"இருமுறியள்!"

"சும்மா..."

"தொண்டை நோகுதோ?"

இல்லை என்று சொல்வதற்காக எச்சிலை விழுங்கினார். முகம் ஒரு பக்கமாகக் கோணிப் போனது.

"ஐயோ, நயினை அம்மாளே!"

"ஒண்டுமில்லை இராசு. ஒரு வாழைப்பழம் தாரும்."

"தொண்டை நோக்காட்டுக்கு வாழைப்பழமோ? உங்களுக்கென்ன விசரோ?"

வாழைப்பழத்துக்குப் பதிலாகக் கொத்தமல்லி, இஞ்சி, மிளகு போட்டு அவித்த தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தது. முள்ளை அடித்துக்கொண்டு போகும் என்ற நப்பாசையில் சிவகடாட்சம் அதை ஒரே மூச்சில் குடித்தார். குத்திய இடத்தில் மிளகு பட்டது. குரல் அடைத்துவிட்டது.

"குரலும் போட்டுது! ஆவி பிடியுங்கோ!"

போர்வைக்குள் தலையை விட்டு ஆவி பிடித்தார். வெளியே எடுத்தபோது முகம் பழுத்த மிளகாய்போல இருந்தது. இராசேஸ்வரி பயத்தை விட்டுக் கிட்ட வந்து நெற்றியில் கைவைத்தார். நெற்றி கொதித்தது. அது ஆவியின் சூடு என்று சொல்லச் சிவகடாட்சத்துக்குக் குரல் இல்லை. "காய்ச்சல்!" என்று இராசேஸ்வரி குழறினார்.

இனி முள்ளைக் கையால் எடுப்பதுதான் வழி என்று சிவகடாட்சம் கிணற்றடிக்குப் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டார். முள்ளைத் தவிர எல்லாம் வெளியே வந்தது. சத்தம் கேட்டு இராசேஸ்வரி ஓடிவந்தார்.

"சத்தியும் எடுக்கிறியள்!"

ஓடின ஓட்டத்தில் போனை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் சுகாதாரப் பரிசோதகர் நிசாந்தன் வெள்ளை வானில் வந்து இறங்கினார். முகக்கவசம், கையுறை, தலையில் தொப்பி. அக்கம்பக்கத்து வேலிகளுக்கு மேலால் தலைகள் முளைத்தன.

"ஐயா, ஆரோடையாவது நெருங்கிப் பழகினியளோ?"

சிவகடாட்சம் இல்லை என்று தலையாட்டினார்.

"வீட்டை விட்டு வெளியிலை போனியளோ?"

அதற்கும் இல்லை.

நிசாந்தன் நெற்றியைச் சுருக்கினார். "ஒருத்தரோடையும் பழகாமல் வந்திருக்கெண்டால் ஊருக்குள்ளை பரவிட்டுது எண்டுதான் அர்த்தம். நாரந்தனை முழுக்கப் பூட்டவேண்டி வரும்."

வேலிகளுக்கு மேலே நின்ற தலைகள் அப்படியே மறைந்தன.

"தம்பி, இவர் தேசிக்காய் வாங்க யாகப்பு வீட்டை போறவர்," என்றார் இராசேஸ்வரி.

"அப்ப அவையளையும் கூட்டிக்கொண்டு போகவேணும். கடலுக்கும் இறங்கேலாது."

"அண்ணை!" பொட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற யாகப்பு அலறினார். "வாயைத் திறந்து சொல்லுங்கோ அண்ணை! என்ர வள்ளம் கரையிலை கிடந்தால் நாங்கள் எதைத் தின்னுறது?"

சிவகடாட்சம் யாகப்புவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இராசேஸ்வரி விறாந்தையில் நின்று அவருடைய சாரத்தையும் சட்டையையும் துவாயையும் பைக்குள் மடித்து வைத்தபடி அழுதுகொண்டிருந்தார்.

"தம்பி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். கொண்டுபோற இடத்திலை இவருக்கு மரக்கறிச் சாப்பாடு குடுக்கச் சொல்லுங்கோ. மச்ச வாசம் பட்டாலே இந்த மனிசன் தாங்கமாட்டார்."

அதைக் கேட்டதும் சிவகடாட்சத்துக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"முள்ளு," என்றார்.

"என்ன ஐயா?"

"மீன் முள்ளு. தொண்டையிலை."

இராசேஸ்வரியின் கையிலிருந்த பை விழுந்தது. நிசாந்தன் போன் வெளிச்சத்தை அவருடைய வாய்க்குள் அடித்துப் பார்த்தார்.

"ஓம், கிடக்கு! வெள்ளையாய்த் தெரியுது." முகக்கவசத்துக்குள் அவர் சிரிப்பது கண்ணிலேயே தெரிந்தது. "ஆசுபத்திரியிலை டக்கெண்டு எடுத்து விடுவினம். பயப்பிட ஒண்டுமில்லை."

இராசேஸ்வரி சிரிக்கவில்லை.

"என்ன மீன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"விளைமீன்."

இராசேஸ்வரியின் முகத்தில் இரத்தம் இல்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். இதற்கு அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சிவகடாட்சத்துக்குத் தோன்றியது.

"என்னை மன்னியும், இராசு," என்றார் அடைத்த குரலில். "இவ்வளவு வருசமும் உம்மை ஒரு நெத்தலிகூடத் தொடவிடேல்லை. நான் கள்ளன்மாதிரி வேலி பூந்து போய்த் திண்டனான். ஒருநாள் ருசி பாப்பம் எண்டுதான் போனனான். பிறகு விட ஏலாமல் போட்டுது. சத்தியமாய்ச் சொல்லுறன், என்ர சீவியத்திலை அப்பிடி ஒரு சமையல் சாப்பிட்டதில்லை. நான் நல்லாத்தான் இருந்தனான். எல்லாம் இந்த அந்தோனியம்மா வைச்ச குழம்பாலை வந்த வினை!"

இராசேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். வேலியடியில் யாகப்பு, "ஐயோ அண்ணை, வேண்டாம்," என்று தலையில் கைவைத்தார். அவரைத் தள்ளிக்கொண்டு, அவருக்குப் பின்னால் நின்ற அந்தோனியம்மா பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தார்.

"மாதாவுக்குப் பொதுவாய்க் கதையுங்கோ அண்ணை! இது தவக்காலம். விபூதிப் புதனிலை இருந்து உயிர்த்த ஞாயிறு வரைக்கும் எங்கட வீட்டிலை ஒருத்தரும் மச்சம் தொடமாட்டம். முகக்கவசம் தைக்க எண்டு காலமை காலமை வந்து, என்ர குசினியிலை உந்தக் குழம்பை வைச்சு, நடுத்துண்டெல்லாம் தான் திண்டிட்டு, வால்துண்டை மிச்சம் விட்டிட்டுப் போறது உங்கட மனுசி!"