பொற்செவியார் கேட்ட பத்து வித்தியாசங்கள்

மனித இனம் தோன்றிய நாளிலிருந்து எத்தனையோ கோடிக் காதுகள் உருவாகி, கேட்டு, ஓய்ந்து போயிருக்கின்றன. அவற்றில் ஆகச் சிறந்த இரண்டும் ஒரே தலையில், அதுவும் எடை அளவைத் துறைக் கண்காணிப்பாளர் ஒருவரின் தலையில், பக்கத்துக்கு ஒன்றாக அமைந்தது இயற்கையின் நிர்வாகத் திறமைக்குச் சான்று. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் 'நுண்செவியோர் மன்றம்' அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த நாள் முதல் அவர் பொற்செவியார். அலுவலகத்தில் வேறு மாதிரியும் அழைக்கிறார்கள். அது இங்கே தேவையில்லை.

மன்றத்தின் கொள்கை எளிமையானது. கணினியில் பாட்டு இரண்டு விதமாகக் கிடைக்கிறது. பதிவானது பதிவானபடி, துளியும் குறையாமல் இருப்பது 'இழப்பில்லா ஒலி'. மனிதக் காது இதையெல்லாம் எங்கே கவனிக்கப் போகிறது என்று கணக்குப் போட்டு, ஆங்காங்கே கழித்துக் கட்டிச் சின்னதாக்கியது 'சுருக்கிய ஒலி'. ஊரில் பெரும்பாலோர் இரண்டாவதைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொற்செவியார் வைத்த பெயர் 'சுருக்குப் பைகள்'. பேருந்தில் யாராவது காதில் செருகிக்கொண்டு தலையாட்டினால், ஐயோ பாவம் என்று மனமார வருத்தப்படுவார். அப்படி வருந்திக்கொண்டிருந்ததில், நடத்துனர் தொண்டை கிழியக் கூவியும் இறங்க வேண்டிய நிறுத்தத்தை இரண்டு முறை கோட்டை விட்டிருக்கிறார்.

அவருடைய ஒலிபெருக்கிகள் கூடத்தில் இருந்தன. மணிக்கட்டு தடிமனில் ஒரு கம்பி, தரையில் பட்டால் இசை 'அழுக்காகிவிடும்' என்பதற்காகச் சின்னச் சின்ன மரக்கட்டைகள்மேல் படுத்திருந்தது. ஆனாலும் குறை தீரவில்லை. கூடத்தில் குளிர்சாதனப் பெட்டி முனகியது. உன்னத ஒலிக்கு ஏற்ற இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான்: மனைவியின் தையல் அறை.

அந்த அறையில் பன்னிரண்டு வருடமாக அவர் மனைவி பள்ளிச் சீருடைகளும் ஜன்னல் திரைகளும் தைத்துக்கொண்டிருந்தாள். பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். இயந்திரத்தை மாடிப்படிக்கு அடியில் மாற்றிவிடலாம் என்று பொற்செவியார் பெருந்தன்மையோடு முன்வந்தார். மாடிப்படிக்கு அடியில் கறுப்பு நூலையும் கருநீல நூலையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று அவள் சொன்னாள். நூல் விஷயத்தில் இவ்வளவு நுணுக்கம் பார்ப்பது ஒருவகை மனநோய் என்று அவர் விளக்கினார்.

மனைவிக்கும் காது இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. இயந்திரம் ஓடும் சத்தத்தை வைத்தே அடிநூல் தீரப் போவதையும் ஊசி மழுங்கியதையும் சொல்லிவிடுவாள். ஆனால் அது வெறும் காது. மன்றத்தின் அங்கீகாரம் பெறாதது.

வாரக்கணக்கில் இழுபறிக்குப் பிறகு, மன்றக் கூட்டம் அவர்கள் வீட்டில் நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லார் முன்னாலும் அவள் சொன்னாள்:

"உண்மையிலேயே உங்களுக்கு வித்தியாசம் கேக்குதுன்னா அறையை எடுத்துக்குங்க. கேக்கலன்னா, இனிமே இந்த அறையைப் பத்தின பேச்சே எடுக்கக் கூடாது."

செயலாளர் இதை ஓர் எழுத்து விடாமல் நடவடிக்கைப் புத்தகத்தில் ஏற்றினார். செயலாளர் ஒரு பல் டாக்டர். இருபது வருடமாகக் காதுக்கு ஒரு முழம் தள்ளிப் பல் குடையும் இயந்திரத்தைக் கேட்டு வந்தவர் என்பதால், நுண்ணொலிகளில் அவருக்குத் தனி ஆர்வம்.

பரிசோதனைக்கு என்ன பெயர் என்பதில் ஒரு மணி நேரம் போனது. 'குருட்டுச் சோதனை' என்றால் காதுகளைக் குறைத்து மதிப்பிடுவதாகும் என்றார் ஒருவர். 'திரைமறைவு ஆய்வு' என்று டாக்டர் திருத்தினார். அது ஏதோ ஊழல் போலத் தொனிக்கிறதே என்று ஒருவர் தயங்க, அப்போதுதான் அரசாங்கக் களை வருகிறது என்று கைதட்டி நிறைவேற்றினார்கள். பத்து முறை பாட்டு ஒலிக்கும். எட்டு முறை சரியாகச் சொன்னால் அறை தலைவருக்கு. டாக்டர் முந்தின நாளே ஒரே பாட்டை இரண்டு விதமாகக் கொண்டுவந்து கொடுப்பார்: இழப்பில்லாதது 'அ', சுருக்கியது 'ஆ'. இசையில் அக்கறை கிடையாது என்பதால் 'நடுநிலையாளர்' என்ற முறையில் மனைவியே திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்க வேண்டும். திரையையும் அவளே தைத்துக் கொடுத்தாள்.

ஆய்வு நாளன்று காலையில் அவள் அவரிடம் ஏதோ சொன்னாள். பொற்செவியார் அப்போது கம்பியை வெல்வெட் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பிற்பகல் பணிக்காகக் காதுகளுக்கு ஓய்வு கொடுத்திருந்த நேரம் அது. "ம்" என்றார். காப்பி கொடுக்கும்போது மறுபடி சொன்னாள். "ம்ம்" என்றார். திரையை மாட்டும்போது மூன்றாவது தடவை, கொஞ்சம் கவலையாகவே கேட்டாள். "அப்படியே இருக்கட்டும்" என்று தாராளமாகப் பதில் சொன்னார். எது இருக்கட்டும் என்பது அவருக்கே தெரியாது.

மதியம் பதினோரு உறுப்பினர்களும் தையல் அறையில் சீருடைக் கட்டுகள்மேல் உட்கார்ந்தார்கள். திரைக்குப் பின்னால் மனைவி ஒரு சுருக்குப் பையை வைத்துக்கொண்டாள். உள்ளே ஐந்து வெள்ளைச் சட்டைப் பொத்தான், ஐந்து கறுப்பு. கண்ணை மூடி ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் 'அ', கறுப்பு வந்தால் 'ஆ'. எடுத்ததை வரிசை மாறாமல் ஒரு நூலில் கோத்துக்கொண்டே வருவாள். பன்னிரண்டு வருட வெளிச்சம் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்தான்.

முதல் பாட்டு ஒலித்தது. பொற்செவியார் கண்களை மூடினார். பதினோரு பேரும் மூடினார்கள்.

"இது அ. பாடுற அம்மா மூச்சு இழுக்கிறது என் இடது தோள்பட்டையில படுது."

இரண்டாவது ஒலித்தது.

"சேச்சே, ஆ. வயலின்காரருக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு."

ஒருவர் உடனே கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஐந்தாவதில் மிருதங்கத் தோல் எந்தப் பக்கம் தளர்ந்திருக்கிறது என்பதைப் பொற்செவியார் சுட்டிக் காட்டினார். எட்டாவதில் "ஓரம் அடிக்காத துணி மாதிரி பிரிஞ்சு பிரிஞ்சு வருது" என்று, மனைவிக்கும் புரியட்டும் என்ற கருணையோடு சொன்னார். பத்தாவது முடிந்ததும் டாக்டர் நூலில் இருந்த பொத்தான்களையும் எழுதி வைத்த விடைகளையும் ஒப்பிட்டார். எட்டு சரி.

கரவொலி எழுந்தது. இரண்டு உறுப்பினர்கள் அப்போதே தையல் இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

திரையை விலக்கிக்கொண்டு மனைவி வெளியே வந்தாள். "ஒரு நிமிஷம். ரெண்டும் ஒண்ணுதானே?"

தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள். டாக்டர் கணினியைப் பார்த்தார். அளவு ஒன்றே. இரண்டும் சுருக்கியதுதான். நோயாளி ஒருவருடைய வாயில் பஞ்சை வைத்துக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அவசரமாக நகல் எடுத்ததில், ஒரே கோப்பை இரண்டு பெயரில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கூடத்திலிருந்து குளிர்சாதனப் பெட்டியின் முனகல் மட்டும் கேட்டது.

மன்றம் என்றால் மன்றம். ஐந்தே நிமிடத்தில் தீர்மானம் தயாரானது. 'வித்தியாசம் உள்ள இடத்தில் வித்தியாசத்தைக் கேட்பது எவரும் செய்யக்கூடியதே. அறவே இல்லாத இடத்தில் பத்து முறையும் கேட்பதற்குத் தனிச் செவி வேண்டும். ஆகவே தலைவர் தேறினார் என்பதோடு, அவருக்கு "இழப்பில்லாச் செவிச் செம்மல்" என்ற பட்டமும் வழங்கப்படுகிறது.' ஏகமனதாக நிறைவேறியது. இயந்திரம் வாசல் பக்கம் நகர்ந்தது.

"காலையிலயே சொன்னேனே," என்றாள் மனைவி, கணவரைப் பார்த்து. "துணியா இருந்தா என்ன, பாட்டா இருந்தா என்ன, அளவு பாக்காம நான் எதையும் தொட மாட்டேன். ரெண்டும் ஒரே அளவா இருக்கே, ஒண்ணு பெருசா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்கன்னு மூணு தடவை கேட்டேன். அப்படியே இருக்கட்டும்னீங்க."

எல்லாரும் பொற்செவியாரைப் பார்த்தார்கள். மனைவி சொன்னது கேட்டது என்றால், இரண்டும் ஒன்று எனத் தெரிந்தே பத்து முறையும் நடித்ததாக ஆகும். கடைக்காரர்களின் எடைக்கல்லைச் சோதிக்கும் அதிகாரிக்கு அது எவ்வளவு பெரிய இழுக்கு.

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே" என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கேட்டுச்சா, கேக்கலயா?" என்றாள் மனைவி.

"சத்தியமா கேக்கல. ஒரு தடவைகூடக் கேக்கல."

"எழுதிக்குங்க டாக்டர்."

டாக்டர் எழுதினார்: 'தலைவர் தமக்குக் கேட்கவில்லை எனச் சத்தியம் செய்தார்.' எதை எழுதினாலும் பழைய பதிவோடு ஒத்துப் பார்ப்பது அவர் வழக்கம். பக்கங்களைப் பின்னால் புரட்டியவர், ஓரிடத்தில் நின்று, உரக்கப் படித்தார்: "'கேக்கலன்னா, இனிமே இந்த அறையைப் பத்தின பேச்சே எடுக்கக் கூடாது.'"

"அது பாட்டைப் பத்தி" என்றார் பொற்செவியார்.

"எது கேக்கலன்னான்னு தனியா குறிப்பிடலையே, தலைவரே. உங்க கையெழுத்தும் இருக்கு."

தூக்கியவர்கள் இயந்திரத்தைப் பழைய இடத்திலேயே இறக்கி வைத்தார்கள். அவர்களுக்கும் கை வலி. மனைவி உட்கார்ந்து ஒரு தடவை மிதித்துப் பார்த்தாள். காதைக் கொஞ்சம் சாய்த்தாள். அடிநூல் இன்னும் நாலு சட்டைக்கு வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் முகத்தில் அத்தனை நிம்மதி.

பட்டம் சட்டம் போட்டுக் கூடத்தில், குளிர்சாதனப் பெட்டிக்கு நேர் மேலே மாட்டப்பட்டிருக்கிறது. அதற்கு அடியில் உட்கார்ந்து பொற்செவியார் இன்றும் இழப்பில்லா ஒலி கேட்கிறார். தையல் அறையிலிருந்து மனைவி, அவருடைய தங்கை நாளைக்கு வருகிறாள் என்கிறாள், மழை வருகிறது என்கிறாள், ஒரு நாள் தனக்குக் காய்ச்சல் என்றுகூடச் சொன்னாள். "ம்" என்கிறார்.

பொறாமை பிடித்த சிலர் அந்தப் பட்டத்தைக் கேலி செய்கிறார்கள். நாம் செய்ய மாட்டோம். பட்டத்தில் எழுதியிருப்பது ஓர் எழுத்துகூடப் பிசகில்லை. அந்தக் காதுகளில் இழப்பே கிடையாது. இழப்பதற்கு முதலில் ஏதாவது உள்ளே போயிருக்க வேண்டுமே.