பெரியவரைக் குளிப்பாட்டியது குறித்து

முகமூடி சேகரிப்போர் காலாண்டிதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, தங்கள் நீண்ட நாள் சந்தாதாரர் ஒருவரின் மனைவி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தாங்களும், தங்கள் அலுவலகத்தில் வேலை செய்பவர்களும், அலுவலகச் சுவரில் தொங்குபவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். எங்கள் சுவரில் தொங்குபவர்களும் நலம். அலமாரியில் நிற்பவர்களில் ஒருவர் மட்டும் நலமில்லை. அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது பிரசுரத்துக்கு அல்ல. என் வீட்டுக்காரர் தங்கள் இதழை அட்டையில் ஆரம்பித்து, அச்சகத்தின் முகவரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். ஆகவே பெயரை மாற்றிப் போட்டாலும், ஊரை மாற்றிப் போட்டாலும், “ஒரு வாசகி” என்று மட்டும் போட்டாலும் கண்டுபிடித்துவிடுவார். பதிலைச் சாதாரண உறையில், மேல்மாடியில் குடியிருக்கும் பெயின்டரின் முகவரிக்கு அனுப்பவும். வியாழக்கிழமைக்குள் வந்தாக வேண்டும். வெளியூர் போயிருக்கும் என் வீட்டுக்காரர் வியாழக்கிழமை திரும்பி வருகிறார்.

இவர் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். துறைமுகத்தில் இறங்கினால் மற்றவர்கள் வாசனைத் தைலமும் டிரான்சிஸ்டரும் வாங்கி வருவார்கள். இவர் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்திய ஆப்பிரிக்காவிலிருந்தும் மரமுகங்களை வேட்டியில் சுற்றிக்கொண்டு வந்தார். கல்யாணமான புதிதில் பெட்டியைத் திறந்து, எனக்குத்தான் ஏதோ கொண்டு வந்திருக்கிறார் என்று ஆசையாக மூட்டையைப் பிரித்தேன். நாக்கை நீட்டிக்கொண்டு ஒருவர் என்னைப் பார்த்தார். அன்றைக்கே ஒப்பந்தம் ஆகிவிட்டது. கூடம் அவருடையது, சமையலறை என்னுடையது, நான் அவற்றைத் தொட மாட்டேன், அவர் என் பாத்திரங்களைத் தொடக் கூடாது. முப்பத்தொரு வருஷம் அப்படியே ஓடியது. ஒரே ஒரு விதிவிலக்கு ஃப்ரிட்ஜ். புதிதாக வருகிறவர்கள் உடம்பில் பூச்சி இருந்தால் சாக வேண்டுமாம், அதனால் பாலிதீன் பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் படுக்க வைப்பார். பட்டாணி எடுக்கக் கை விட்டால் ஒரு மூக்கு தட்டுப்படும். அதற்கும் பழகிவிட்டேன். வீட்டுக்கு வருகிற சேகரிப்பாளர்களுக்கும் பழகிவிட்டேன். அவர்கள் முகமூடியின் முகத்தைப் பார்ப்பதே இல்லை, திருப்பி முதுகைத்தான் பார்க்கிறார்கள். போட்டு ஆடியவனின் நெற்றி பட்டுத் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவுகிறார்கள், பிறகு மோந்து பார்க்கிறார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது இவர் என்னை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. நான் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் கறை நீக்கும் மேசையில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் உறைந்துவிடும். அயோடினுக்கு வேறு மருந்து, பேனா மைக்கு வேறு. என் மேசைக்கு வந்த துணி கறையோடு திரும்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் பேருந்தில் முன்னால் நிற்பவரின் சட்டையில் குழம்பு தெரிந்தால் கை பரபரக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. மகள் இருக்கும் ஊரில் நல்ல கண் மருத்துவமனை இருக்கிறது, அவளே வந்து அழைத்துக்கொண்டு போனாள். நான் போகவில்லை. மழைக்காலமாம், ஈரம் ஏறுமாம், அலமாரிக்கு அடியில் பூச்சி அரித்த மர மாவு உதிர்கிறதா என்று தினமும் ஒருவர் பார்க்க வேண்டுமாம். ஆக, எழுபது மரமுகங்களுக்குக் காவலாக மனைவியை வைத்துவிட்டுப் போனார். வாசலில் நின்று, “பெரியவரைப் பார்த்துக்கோ” என்றார். நான் போய்வாருங்கள் என்றேன். அப்புறம் படியில் இறங்கும்போது அவர் கால் அடுத்த படியைத் தேடியது. இரண்டு முறை காற்றில் தேடிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டது. கப்பலில் மாதக்கணக்கில் போனபோதெல்லாம் நான் கதவைச் சாத்திக்கொண்டு என் வேலையைப் பார்க்கப் போனவள். இந்தத் தடவை கதவைச் சாத்த முடியவில்லை. இந்த மனிதருக்காக ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது, என்ன செய்வதென்று தெரியவில்லை.

பெரியவர் என்பவர் ஒரு முழ உயர முன்னோர் உருவம். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார். இவருடைய சேகரிப்பிலேயே உயிருக்கு உயிரானவர். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் மேல் அடை அடையாக அழுக்கு இருக்கிறது என்பதுதான்.

போன மாதம் ஒரு சேகரிப்பாளர் வந்திருந்தார். இவர் அவரிடம் யொரூபா என்கிற ஆப்பிரிக்க இனத்தாரின் சாண் உயரப் பொம்மை ஒன்றைக் காட்டிச் சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது. “இரட்டைப் பிள்ளையில ஒண்ணு தவறிடுச்சுன்னா, அதுக்காக இப்படி ஒரு பொம்மை செஞ்சு வாங்கிக்குவாங்க. பெத்தவ அதைக் குளிப்பாட்டுவா, சோறு ஊட்டுவா, துணி கட்டி விடுவா. பாருங்க, குளிப்பாட்டிக் குளிப்பாட்டியே மூக்கு மழுங்கிப் போச்சு. இந்தத் தேய்மானந்தான் இதோட மதிப்பே.” நான் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பெற்றவளை நினைத்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கூடவே ஒன்று புரிந்தது. ஆசிரியர் அவர்களே, தவறாகப் புரிந்தது. இவற்றை வீட்டுப் பெண் குளிப்பாட்ட வேண்டும், முப்பத்தொரு வருஷமாக நான் என் கடமையைச் செய்யவில்லை, அதனால்தான் பெரியவர் இந்தக் கோலத்தில் இருக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை காலையில் குளிப்பாட்டினேன். முறையாகத்தான் செய்தேன். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பு, இடுக்குகளுக்குப் பல் துலக்கும் பிரஷ். மூன்று வாளித் தண்ணீர் காப்பி நிறத்தில் போனது. நாலாவது வாளி தெளிந்ததும் பெரியவர் பளிச்சென்று வெளியே வந்தார், இளமஞ்சள் நிறத்தில், பத்து வயது குறைந்தாற்போல். துண்டால் ஒற்றி, ஜன்னலோரம் நிறுத்திவிட்டு, மகளுக்குப் பெருமையாகப் போன் செய்தேன்.

“அப்பா பக்கத்துல இருக்காரா?”

“தூங்குறார். ஏம்மா?”

“பெரியவரைக் குளிப்பாட்டி வெச்சிருக்கேன். பார்த்தா அசந்துபோவார்.”

ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“அம்மா, அந்த அழுக்குதான்மா சிலை. மரம் சும்மா உள்ளே தாங்கிக்கிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான். மழை வரணும், பிள்ளை பிழைக்கணும்னு அந்த ஊர் ஜனங்க ஒவ்வொரு தடவையும் கூழையும் எண்ணெயையும் அதுமேல ஊத்திக் கும்பிட்டிருக்காங்க. தலைமுறை தலைமுறையா ஊத்தினது. அப்பா அதைத் தூசி தட்டக்கூட விடமாட்டாரே.”

போனை வைத்துவிட்டுக் குளியலறைச் சாக்கடைத் துளையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு தாய் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வேண்டிக்கொண்டது அந்த வழியாகப் போய்விட்டது. வேலை பார்த்த காலத்தில் நான் நோயாளிகளின் ரத்தத்தைக் கழுவியிருக்கிறேன், வேண்டுதலைக் கழுவியதில்லை. எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை ஒளிவு மறைவில்லாமல் எழுதுகிறேன். கறையை எடுப்பதில் இருபத்தாறு வருஷ அனுபவம், வைப்பதில் ஒரு நாள் அனுபவம்கூட இல்லை. முதலில் திக்கான காப்பி டிகாக்‌ஷன் போட்டுப் பூசினேன். பெரியவர் குடிக்காத குறையாக இழுத்துக்கொண்டார், நிறம் வரவில்லை, மணம்தான் வந்தது. பிறகு தொழிலறிவை உபயோகித்துக் கஞ்சி காய்ச்சி, கரித்தூள் கலந்து, தடவி உலர வைத்தேன். அசல் மாதிரியே வந்தது. அரை மணி நேரம் அப்படியே இருந்தது. பிறகு வெடித்து, வெயிலில் உரிந்த தோல் போலத் தொங்கியது. மிச்சத்துக்கு எறும்பு வந்துவிட்டது. சமையலறையிலிருந்து கூடம் வரைக்கும் ஒரே வரிசை, பெரியவர் தூக்கிய கை வரைக்கும் ஏறி, அங்கே கூட்டம் போட்டது. வேறு வழியில்லாமல் இரண்டாவது முறை குளிப்பாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பெயின்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பெரியவரைச் சுற்றி வந்தார், சுவர் பார்ப்பது போலத் தட்டிப் பார்த்தார்.

“அக்கா, ஒரு கோட் பிரைமர், மேல மணல் கலந்து ரெண்டு கோட். இருபது வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

“எனக்கு எண்பது வருஷம் பழசாத் தெரியணும்.”

“பழசுக்கு நான் கேரண்டி தரமுடியாது அக்கா. புதுசுக்குத்தான் தருவேன்.”

இருந்தாலும் மனம் கேட்காமல் ஒரு விரற்கடை அளவுக்கு முதுகில் பூசிப் பார்த்தார். புதிதாகக் கட்டிய வீட்டின் மதில் போல இருந்தது. மூன்றாவது குளியல். இப்போது பெரியவரின் விலா எலும்புகள்கூட லேசாக மழுங்கியிருக்கின்றன.

ஆசிரியர் அவர்களே, ஒரு நியாயம் கேட்கிறேன். அந்தப் பெற்றவள் குளிப்பாட்டினால் தேய்மானம், அதற்கு மதிப்பு. நான் குளிப்பாட்டினால் நாசம். சோப்பு போட்டது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனசு அதே மனசுதானே. இதற்குப் பதில் இல்லையென்றாலும் பரவாயில்லை, கீழ்க்கண்டதற்குப் பதில் கட்டாயம் வேண்டும். கூழும் எண்ணெயும் எந்த அளவில், எத்தனை நாள் ஊற்றினால் பழைய அடை திரும்ப வரும், அல்லது புருஷனிடம் இதை எப்படிச் சொல்வது. அவர் கோபப்படுகிறவர் இல்லை, கோபப்பட்டால்கூடத் தாங்கிக்கொள்வேன். ஒன்றும் சொல்லாமல் அலமாரி முன்னால் உட்கார்ந்துகொள்வார். புதுக் கண் கிடைத்ததும் முதலில் பார்க்கப்போவது பெரியவரைத்தான் என்று போனில் நேற்றும் சொன்னார். அந்த முகத்தை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தங்கள் இதழ் மென்மேலும் தடிக்கட்டும். தங்கள் சேகரிப்பில் பூச்சி விழாதிருக்கட்டும். தங்கள் துணைவியாருக்கு என் அன்பு, அவர் எதையும் தொடாமல் இருக்க என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
ஒரு சந்தாதாரரின் மனைவி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் மணி அடித்தது. மகள் பெட்டியோடு நிற்கிறாள், பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இவர். டாக்டர் முன்னதாகவே போகலாம் என்றுவிட்டாராம். படியேறும்போது யார் கையையும் பிடிக்கவில்லை. நேராகக் கூடத்துக்குப் போய், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெரியவர் முன்னால் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குத் தெரியாது, எனக்கு அது ஒரு மழைக்காலம். பிறகு திரும்பிப் பார்த்து, “டாக்டர் நல்லாத்தான் செஞ்சிருக்கார். இத்தனை வருஷமா எல்லாத்தையும் மங்கலாவே பார்த்திருக்கேன் போல. இவர் எவ்வளவு பளிச்சுன்னு இருக்கார் பாரு” என்றார். மகள் இருமிக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டாள். எனக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது போலிருந்தது. அன்று முழுதும் இவர் டாக்டரைப் புகழ்ந்தார். நானும் கூடச் சேர்ந்து புகழ்ந்தேன்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்குச் சொட்டு மருந்து விட வேண்டியிருந்தது. கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டார். ஒரு கண்ணில் விட்டு, மூடிக்கொள்ளச் சொல்லி, அடுத்த கண்ணுக்குக் கையைக் கொண்டு போனேன். மூடிய கண்ணோடு, “ஆமா, எந்த சோப்பு போட்டே?” என்றார்.

சொட்டு காதில் விழுந்தது.

“பாத்திரம் தேய்க்கிறது.”

“அதான் எலுமிச்சை வாசனை. எத்தனை தடவை?”

“மூணு.” அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன், எறும்பு வரைக்கும்.

“அப்போ நேத்தே தெரியுமா? ஏங்க சொல்லல?”

“பார்த்ததும் வயித்துல அடிச்ச மாதிரிதான் இருந்துச்சு, பொய் சொல்லல. என்னடி இதுன்னு கேக்கத்தான் திரும்பினேன். நீ கதவோரமா நின்னே. உன் முகம் நல்லாத் தெரிஞ்சுது. கட்டிக்கிட்டு வந்ததிலிருந்து நீ என்னைப் பார்த்துப் பயந்து நான் பார்த்ததே இல்ல. எனக்கு அது பிடிக்கல. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.”

ஆகவே ஆசிரியர் அவர்களே, பதில் வேண்டாம். கூழும் வேண்டாம். கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். இவர் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடி இல்லாமல் ஒரு எழுத்து விடாமல் படித்தார். நடுவில் இரண்டு இடத்தில் சிரித்தார், ஒரு இடத்தில் சிரிக்கவில்லை. பிரசுரத்துக்கு அல்ல என்று நான் எழுதியதை அடித்துவிடச் சொல்கிறார். “போடச் சொல்லு. உன்னை மாதிரி எத்தனை பேர் வீட்டுல அலமாரியைப் பார்த்துப் பயந்துக்கிட்டு இருக்காங்களோ. அவங்க வீட்டுக்காரங்களும் சந்தாதாரங்கதானே, படிக்கட்டும்” என்கிறார். அதனால் தயவுசெய்து பிரசுரிக்கவும்.