இறுக்கித் திணித்த பஞ்சு

கத்தகாவோஸ்,
செவ்வாய்க்கிழமை காலை

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் வில்பிரெதோவுக்கு, அனிசெத்தோ எழுதிக்கொள்வது. நீயும் பிள்ளைகளும் லிமாவில் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். நான் சுகமாக இல்லை.

"சிகரெட் நாத்தம் போனாத்தான் இந்த வாசல்ல கால் வைப்பேன்" என்று உன் அக்கா தொமித்திலா சிக்லாயோவில் மகள் வீட்டுக்குப் போய் ஐந்து வாரம் ஆகிறது. சிகரெட்டுக்கு மாற்று என்று நீ வேப் என்று ஒரு புகைக் கருவி அனுப்பினாய், நன்றாக இருப்பாய்; அதன் உள்பாகத்தை நானே கட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? சூடேறும் கம்பியைச் சுருளாக்க வேண்டுமாம். என் மெத்தை ஊசியிலேயே ஆறு சுற்றுச் சுற்றினேன், அழகாக வந்தது. சுருளுக்குள் பஞ்சு நுழைக்க வேண்டுமாம், அது குப்பியில் வந்த பழவாசனைச் சாற்றை உறிஞ்சிக் கம்பிக்குக் கொடுக்குமாம். நாற்பது வருஷம் மெத்தை தைத்தவனுக்குப் பஞ்சுப் பாடமா? வீட்டிலேயே நம் பியூரா பக்கத்து நல்ல பஞ்சு இருந்தது. நீளமான இழையாகப் பொறுக்கி, மற்றதை எறிந்துவிட்டு, இடைவெளி இல்லாமல் திணித்தேன். ஒரே இழுப்பு. சாறு ஏறாமல் பஞ்சு கருகி, தொண்டை வெந்துவிட்டது. இன்னும் இறுக்கித் திணித்தேன், மறுபடி கருகியது. அந்தப் புண்ணில் சிகரெட்டும் இறங்கவில்லை.

இங்கே வேப் கடை வைத்திருக்கும் யூலிசாவிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்துச் சிரித்தாள்.

"அனிசெத்தோ ஐயா, இதுல யாரைப் படுக்க வைக்கப் போறீங்க? பஞ்சு லூசா இருக்கணும்."

"லூசா திணிச்சா மெத்தையை என் மூஞ்சிலயே எறிவாங்கம்மா."

"அப்போ மெத்தையையே புகைங்க!"

கை கேட்கவில்லை மச்சான். தினம் முப்பது தடவை பிரித்துப் புதுப் பஞ்சு திணித்தேன். முந்தாநாள் உன் அக்கா நினைப்பு வந்து அழுதுவிட்டேன். விரலில் பலமே இல்லை, பஞ்சு தொளதொளவென்று போயிற்று. இழுத்தால் கொய்யாப்பழ வாசனை, வெள்ளைப் புகை! சிகரெட் தொட்டுப் பதினொரு நாள் ஆகிறது. அக்காவிடம் சொல். அவள் இல்லாமல் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை.

உன் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாதிருக்கட்டும்.

உன் மச்சான்,
அனிசெத்தோ

பி.கு.: கடிதத்தை மடிப்பதற்குள் அவளே வந்து இறங்கிவிட்டாள். வாசலில் நின்று மோந்து பார்த்தாள். "நெசமாவே விட்டுட்டியா மனுஷா?" என்று கண் கலங்கினாள். பயணக் களைப்பில் கட்டிலில் சாய்ந்தாள். தலை தலைமாட்டுப் பலகையில் இடித்தது. வீட்டில் இருந்த நல்ல பஞ்சு என்றேனே, அது கல்யாணத்துக்கு நான் அவளுக்குத் தைத்துக் கொடுத்த தலையணை. "முப்பத்தெட்டு வருஷம் தலை வெச்சதை ஊதித் தள்ளிட்டியே!" என்று வெறும் உறையை எடுத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸில் போய்விட்டாள். பதினொரு நாள் கணக்கை அவளிடம் சொல்ல வேண்டாம். இந்தத் தாளில் ஒட்டியிருப்பது சிகரெட் சாம்பல்.